வெளிநாட்டவரைக் கலியாணம் செய்து மலையகம் திரும்புகிறவர்களுக்கு: வீசா, முகவரி, வரி

மலையகத்தில் பிறந்து, இலங்கைக் கடவுச்சீட்டோடு வெளியே போய் உழைத்து, வேறு நாட்டு ஆளைக் கலியாணம் செய்து, இப்போது குடும்பத்தோடு ஊர் திரும்ப நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். வேலை பார்த்தது டுபாயில், கணவர் திருச்சிக்காரர். "தமிழ் ஆள்தானே, பக்கத்து நாடுதானே, என்ன பெரிய வீசா?" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு அவர் வெளிநாட்டவர், அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் கொழும்பில் இருப்பவர்கள் சொல்லும் ஆலோசனை ஏராளம். ஆனால் வீட்டுக்கு இலக்கம் உண்டு, மின்சாரப் பட்டியல் அப்பா பெயரில் வரும், தபால்காரர் வாசலுக்கு வருவார் என்று நினைத்துத்தான் அவர்கள் சொல்கிறார்கள். லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து) விண்ணப்பிக்கிறவருக்குப் பாதி வேலை, திணைக்களத்தின் தலைமையகம் இருக்கும் பத்தரமுல்லைக்குப் போகும் முன்பே, தோட்ட ஆபீஸிலும் ஜீ.எஸ். (கிராம உத்தியோகத்தர்) வீட்டு வாசலிலும் நடக்கிறது.

1. நீங்கள் இன்னும் இலங்கைக் குடிமகன்தானா?

வளைகுடாவில் எத்தனை வருடம் வேலை செய்திருந்தாலும் பிரச்சினை இல்லை, குடியுரிமை அப்படியே இருக்கும். கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாட்டில் குடியுரிமை எடுத்தவர்கள் கவனியுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்ததும் இலங்கைக் குடியுரிமை இல்லாமல் போகும். பழைய கடவுச்சீட்டு அலுமாரியில் இருப்பதும், அதில் இன்னும் காலம் மிச்சம் இருப்பதும் அதை மாற்றாது. குடியுரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின் கீழ் இரட்டைக் குடியுரிமை வாங்கியிருந்தால்தான் நீங்கள் குடிமகன். வாங்கவில்லை என்றால் அதை முதலில் முடியுங்கள். உங்கள் பெயரை வைத்துத்தான் உங்கள் துணைக்கு வீசா. உங்கள் நிலை சரியில்லாமல் அவருடைய விண்ணப்பம் நகராது.

மனைவி இலங்கையர், கணவர் வெளிநாட்டவர் என்றாலும் வழி இதேதான். "புருஷன் பெயரில்தான் செய்யலாம்" என்று ஊரில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

2. விமானம் ஏறும் முன் அங்கேயே எடுக்க வேண்டியவை

இங்கே வந்தபின் எடுக்கவே முடியாத, அல்லது எடுப்பதற்குள் உயிர் போகும் காகிதங்கள் சில உண்டு.

பொலிஸ் அறிக்கை: துணைவரின் சொந்த நாட்டிலிருந்து ஒன்று, கடைசியாக வசித்த நாட்டிலிருந்து ஒன்று, இரண்டையும் கையில் வைத்திருங்கள். இந்தியர் என்றால் பாஸ்போர்ட் சேவா மூலம் விண்ணப்பிக்கலாம், இந்தியாவுக்குள் கட்டணம் 500 இந்திய ரூபாய். அமீரகத்தில் இருப்பவர்கள் அந்நாட்டு அடையாள அட்டை உயிரோடு இருக்கும்போதே பொலிஸ் சான்றை எடுத்துவிட வேண்டும். வேலை வீசா ரத்தானபின் அதே வேலை மூன்று மடங்காகும். ரொம்ப முன்னதாகவும் எடுக்காதீர்கள். பல மாதம் பழைய அறிக்கையைத் தூக்கிக்கொண்டு போனால் புதியது கொண்டு வரச் சொல்வார்கள்.

திருமணச் சான்றிதழ்: கலியாணம் தமிழ்நாட்டில் பதிவானது என்றால் மாநில அரசின் சான்று, பிறகு இந்திய வெளியுறவு அமைச்சின் சான்று, பிறகு சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தின் முத்திரை. இந்த வரிசை மாறக்கூடாது. வெளியுறவு அமைச்சின் சான்றுக்கு முகவர் நிலையத்தில் கொடுக்கும்போது எந்த நாட்டுக்கு என்று கேட்பார்கள். இலங்கை என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பழக்கத்தில் அபோஸ்டில் முத்திரை (ஒப்பந்த நாடுகளுக்கிடையே தூதரக முத்திரைக்குப் பதிலாகச் செல்லும் சான்று) குத்திக் கொடுத்துவிடுவார்கள். அந்த முத்திரை மட்டும் போதும் என்று நம்பி விமானம் ஏறாதீர்கள். இலங்கைத் தூதரகத்தின் முத்திரை விழுந்த காகிதத்தைத்தான் இங்கே கேள்வி கேட்காமல் எடுக்கிறார்கள். கலியாணம் வேறு நாட்டில் பதிவானது என்றாலும் ஒழுங்கு அதேதான்: அந்த நாட்டு வெளிவிவகார அமைச்சு, பிறகு அங்குள்ள இலங்கைத் தூதரகம்.

நுழையும் வீசா: சுற்றுலா வீசாவில் முதலில் கிடைப்பது 30 நாள். அதில் வந்து இறங்கி, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். துணைவராக வந்து தங்கப் போகிறார் என்று அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் சொல்லி, அதற்குரிய நுழைவு வீசாவைக் கேட்டு வாங்கி வருவதுதான் நேர்வழி. ஏற்கனவே சுற்றுலா வீசாவில் வந்துவிட்டவர்கள் 30 நாள் முடிவதற்கு முன் நீடித்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு அல்ல.

காசுக்கான காகிதம்: சம்பளச் சான்றிதழ், வேலையை விட்டபோது கிடைத்த பணிக்கொடைக் கணக்கு, வங்கிக் கணக்குகளின் அறிக்கை. இது வீசாவுக்கும் உதவும். வரிக்கு எப்படி உதவும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

3. எல்லாக் காகிதத்திலும் ஒரே ஆள்தானா?

நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய வில்லங்கம். தோட்டத்தில் பிறப்புப் பதியும்போது பெயரை ஒருவர் சொல்ல, இன்னொருவர் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுத, பிறகு வேறொருவர் அதை ஆங்கிலத்துக்கு மாற்றியிருப்பார். என் அப்பா பெருமாள். என் பிறப்புச் சான்றிதழின் சிங்கள எழுத்தை அப்படியே வாசித்தால் 'பெரமால்' என்று வரும். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி. திருமணச் சான்றிதழில் தமிழ்நாட்டு எழுத்தர் தன் பங்குக்கு ஒரு கால் சேர்த்துவிட்டார். ஆக, நான்கு காகிதத்தில் எனக்கு நான்கு அப்பா.

இந்தியத் துணைவர் என்றால் மறுபக்கமும் பாருங்கள். தமிழ்நாட்டில் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் வெறுமையாக இருக்கும், முழுப் பெயரும் கொடுக்கப்பட்ட பெயர் என்ற வரியில் கிடக்கும். இலங்கைப் படிவங்களில் இரண்டையும் நிரப்பச் சொல்வார்கள். உங்கள் இஷ்டத்துக்குப் பிரித்து எழுதாதீர்கள். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள்.

செய்ய வேண்டியது:

பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதியை முதலில் எடுங்கள். பழுப்பேறி மடிப்பில் கிழிந்ததைக் கொண்டு போகாதீர்கள். பதிவு நடந்த பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். பதிவு கணினிக்கு ஏறியிருந்தால் வேறு பிரதேச செயலகங்களிலும் கிடைக்கும். பழைய பதிவு எண்ணும் திகதியும் தெரிந்தால் வேலை சீக்கிரம் முடியும், தெரியாவிட்டால் தேடுவதற்கு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் நோர்வூட், தலவாக்கலை என்று புதிய செயலகங்கள் வந்தபின் எந்தத் தோட்டம் எதற்குள் வருகிறது என்பதில் பலருக்கும் குழப்பம். பஸ் ஏறும் முன் ஜீ.எஸ்.ஸிடம் கேட்டுவிடுங்கள்.

வித்தியாசம் ஓரிரண்டு எழுத்துதான் என்றால், "இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிக்கும்" என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரே வேறு, பிறந்த திகதி வேறு என்றால் சத்தியக்கடதாசி போதாது. பிறப்புப் பதிவைத் திருத்த வேண்டும், அது மாதக்கணக்கில் போகும். ஆகவே அதை வெளிநாட்டில் இருக்கும்போதே ஊரிலுள்ளவர்கள் மூலம் தொடங்கிவிடுங்கள்.

சிங்களத்தில் மட்டும் இருக்கும் சான்றிதழ்களை ஆங்கிலத்துக்கு மாற்றுவதற்கு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஹட்டன், நுவரெலியா நீதிமன்றங்களின் பக்கத்தில் விசாரித்தால் ஆள் கிடைக்கும். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்து, "இப்படியே போடுங்கள்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஐந்தாவது அப்பா பிறப்பார்.

4. லயத்துக்கு முகவரி வாங்குவது

வதிவிட வீசாவுக்கு, நீங்கள் இருவரும் எங்கே குடியிருக்கப் போகிறீர்கள் என்பதற்குச் சான்று வேண்டும். டவுனில் வீடு எடுத்தவர்கள் வாடகை ஒப்பந்தத்தையும் கிராம உத்தியோகத்தர் சான்றிதழையும் கொடுத்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போகலாம்.

தோட்டத்தில் அம்மா அப்பாவோடு இருக்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். லயத்து வீட்டுக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. மின்சாரப் பட்டியல் பல இடங்களில் தனி ஆள் பெயரில் இல்லை. கடிதம் எல்லாம் தோட்டத்தின் பெயருக்கு வந்து, தோட்ட ஆபீஸில் பிரிந்து, யாராவது பிள்ளை கையில் லயத்துக்கு வரும். இதைக் கொழும்பு அதிகாரிக்கு விளக்கிக்கொண்டு நிற்க முடியாது. காகிதம்தான் பேச வேண்டும்.

முதலில் தோட்ட நிர்வாகத்திடம் ஒரு கடிதம்: இன்ன டிவிசனில், இன்ன லயத்தில், இந்த இலக்க வீட்டில் இன்னாரின் குடும்பம் வசிக்கிறது, அவருடைய மகளும் மருமகனும் அதே வீட்டில் தங்குவதற்கு நிர்வாகத்துக்கு ஆட்சேபணை இல்லை. கடிதத் தலைப்பு, கையொப்பம், முத்திரை மூன்றும் இருக்க வேண்டும். எங்களுக்குப் பட்டோலையை (தோட்ட வேலையாட்களின் பெயர்ப் பதிவேட்டை) எடுத்து அப்பாவின் பெயரைத் தேடிய கிளார்க்கர், "அம்மா ரிட்டயர் ஆகிட்டாங்க, அப்பாவும் இல்ல, இப்ப யாரு பேருக்கு எழுதுறது?" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தோட்டத்தில் இப்போது பேர் பதிந்து வேலை செய்கிறவர் யாராவது வீட்டில் இருந்தால் கடிதம் சுலபம். தம்பி பெயரில் எழுதி வாங்கினோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். துரை (தோட்ட மேலாளர்) மலைக்கு ரவுண்டு போய்விட்டால் கையொப்பம் மறுநாள்தான். காலையிலேயே போங்கள், சம்பள நாளைத் தவிருங்கள்.

பிறகு அந்தக் கடிதத்தோடு ஜீ.எஸ்.ஸிடம். கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் எழுதும் முன் அவர் உங்கள் பெயர் தேர்தல் இடாப்பில் இருக்கிறதா என்று பார்ப்பார். வெளிநாட்டில் இருந்த காலத்தில் பெயர் விடுபட்டிருந்தால் அதையும் அப்போதே சேர்த்துவிடச் சொல்லுங்கள். சான்றிதழில் துணைவரின் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் வருமாறு கேளுங்கள். பிறகு பிரதேச செயலாளரின் மேலொப்பம். மேலொப்பம் இல்லாத சான்றிதழைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போவது வீண் பயணம்.

நுவரெலியா, அம்பகமுவ பக்கத்தில் தமிழில் படிவம் கேட்பது உங்கள் உரிமை. "இல்லை" என்றால் கொஞ்சம் பொறுமையாக இரண்டாம் முறை கேளுங்கள். பெரும்பாலும் மேசை இழுப்பறையில் இருக்கும்.

5. பத்தரமுல்லை

கண்டியில் திணைக்களத்துக்குக் கிளை இருக்கிறதே என்று கேட்பீர்கள். கடவுச்சீட்டு வேலைக்கு அது போதும், வதிவிட வீசாவுக்குப் பத்தரமுல்லை 'சுகுருபாய'வுக்குத்தான் போக வேண்டும். ஆட்பதிவுத் திணைக்களமும் அதே கட்டடத்தில்தான். அடையாள அட்டை தொலைந்தவர்கள், பெயர் மாற்ற வேண்டியவர்கள் இரண்டு வேலையையும் ஒரே பயணத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கொண்டு போக வேண்டிய கட்டு: நிரப்பிய விண்ணப்பம், துணைவரின் கடவுச்சீட்டும் அதன் கொப்பியும், திருமணச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை, வதிவிடச் சான்று, துணைவரை உங்களோடு தங்க அனுமதிக்கும்படி நீங்கள் எழுதிய கோரிக்கைக் கடிதம், புகைப்படங்கள். எல்லாவற்றிலும் மூலமும் இரண்டு கொப்பியும். இருவரும் நேரில் போங்கள். ஒருவர் மட்டும் போய்க் கொடுத்துவிட்டு வருகிற வேலை இல்லை இது.

வைத்தியப் பரிசோதனையை மறக்காதீர்கள். வதிவிட வீசா கேட்கும் வெளிநாட்டவருக்கு மலேரியா, யானைக்கால், காசநோய், எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கான பரிசோதனை உண்டு. கொழும்பில், முன்பதிவு செய்து போக வேண்டும், கட்டணம் டொலரில் கணக்கிடுவார்கள். ஹட்டனிலோ கண்டியிலோ தனியார் ஆஸ்பத்திரியில் எடுத்த அறிக்கையைக் காட்டி இதைத் தவிர்க்க முடியாது. பரிசோதனைக்கும் விண்ணப்பத்துக்கும் நாளைப் பொருத்தி வைத்தால் தங்கும் செலவு மிச்சம்.

வீசாக் கட்டணம் நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறும். போகிற வாரத்தில் திணைக்கள இணையத்தளத்தில் பாருங்கள். முகவர் என்று சொல்லிக்கொண்டு வாசலில் நிற்பவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள், அவர்கள் செய்வது படிவம் நிரப்புவதைத்தான். சந்தேகம் என்றால் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919க்கு அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

பயணம் பற்றி ஒன்று. மே, ஜூனிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மழை இறங்கினால் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடிவிடும். வீசா முடியும் நாளுக்கு முதல் நாள் மலையிலிருந்து இறங்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். ஒரு வாரம் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று: வதிவிட வீசா என்பது தங்குவதற்கான அனுமதி. அதை வைத்து வேலைக்குப் போகலாம், கடை போடலாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். திணைக்களத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

6. பிள்ளைகள்

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாயோ தகப்பனோ இலங்கையர் என்றால், குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின் கீழ் பதிந்து இலங்கைக் குடியுரிமை பெறலாம். பிறந்து ஒரு வருடத்துக்குள் அங்குள்ள தூதரகத்தில் பதிவது லேசு. பிந்தினால் காரணம் எழுதி, அதிகக் கட்டணம் கட்டி, பத்தரமுல்லையில் அலைய வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்காத நாடு என்பதால், தகப்பன் இந்தியர் என்றால் பிள்ளைக்கு எந்தக் கடவுச்சீட்டு என்பதைப் பெரியவர்கள் முதலிலேயே பேசி முடியுங்கள்.

7. வரி: எந்த நாளிலிருந்து நீங்கள் 'இங்கே வசிப்பவர்'?

வளைகுடாவில் சம்பளத்துக்கு வரி கட்டாமல் பழகியவர்களுக்கு இது கசக்கும். இலங்கையில் வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வசிப்பவர் என்றால் உலகில் எங்கே வருமானம் வந்தாலும் கணக்கில் வரும். வசிக்காதவர் என்றால் இலங்கையில் வரும் வருமானம் மட்டும்.

183 நாள் கணக்கைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த வரி ஆண்டுக்குள் 183 நாள் இருந்தால்தான் என்று நினைக்கிறார்கள். சட்டம் சொல்வது, அந்த ஆண்டில் தொடங்கும் அல்லது முடியும் எந்தப் பன்னிரண்டு மாத காலத்திலும் மொத்தம் 183 நாள். நீங்கள் 2026 ஜனவரியில் வந்து தொடர்ந்து இருந்துவிட்டால், மார்ச்சுக்குள் மூன்று மாதம்கூட ஆகவில்லை என்றாலும் 2025/26க்கே வசிப்பவர் ஆகிவிடலாம். பெரிய பணிக்கொடை வரப்போகிறது, வெளிநாட்டில் வாடகை வருகிறது என்பவர்கள் விமானச் சீட்டு போடும் முன் ஒரு கணக்காளரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கடவுச்சீட்டின் வருகை, புறப்பாட்டு முத்திரைப் பக்கங்களைக் கொப்பி எடுத்துக் கோப்பில் வையுங்கள்.

இந்தக் கணக்கு உங்கள் துணைவருக்கும் பொருந்தும். அவருக்கு இந்தியாவில் வீட்டு வாடகை வந்தால் அதுவும் இங்கே காட்ட வேண்டியதுதான். இந்தியா, அமீரகம், கட்டார், பிரித்தானியா, கனடா ஆகியவற்றோடு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் அது தானாக வந்து உதவாது. அங்கே வரி கட்டிய சான்று கையில் இருந்தால்தான் இங்கே கழித்துக்கொள்ள முடியும்.

8. டின் இலக்கமும் வங்கியும்

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி செலுத்துனர் இலக்கத்தைத்தான் எல்லாரும் டின் என்கிறோம். இணையத்தில் அடையாள அட்டையைக் கொடுத்து எடுக்கலாம், வெளிநாட்டுத் துணைவருக்குக் கடவுச்சீட்டு. கண்டியிலும் திணைக்களத்துக்கு அலுவலகம் உண்டு. திணைக்களத்தின் பொதுத் தொலைபேசி 1944. டின் எடுத்தால் வரி கட்ட வேண்டும் என்று ஊரில் ஒரு பயம் இருக்கிறது. இலக்கம் வேறு, வரி வேறு.

2025 ஏப்ரல் 1 முதல் வங்கி வட்டியில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள், அதற்கு முன் 5. 50 லட்சம் நிலையான வைப்பில் 8 சதவீதம் என்றால் வட்டி 4 லட்சம், அதில் 40,000 ரூபாய் போய்விடும். உங்கள் மொத்த வருட வருமானம் 18 லட்சத்துக்குள் என்றால், டின் இலக்கத்தோடு சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்து அதைப் பிடிக்காமல் செய்யலாம். எத்தனை வங்கியில் வைப்பு இருக்கிறதோ அத்தனையிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். வங்கிக்காரர் தானாக நினைவூட்ட மாட்டார்.

உண்டியலில் (வங்கிக்கு வெளியே, ஆள் மூலம்) காசு அனுப்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு: திரும்பும் வருடத்திலாவது விடுங்கள். நாளை ஒரு பேர்ச் காணி வாங்கினாலும், காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு வங்கி வழியாக வந்த துண்டு வேண்டும். உண்டியலுக்குத் துண்டு கிடையாது.

9. கணக்கும் கெடுவும்

2025/26 முதல் ஆளுக்கு வருடத்துக்கு 18 லட்சம் ரூபாய் நிவாரணம், அதாவது அதுவரைக்கும் வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 லட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்த ஒவ்வொரு 5 லட்சத்துக்கும் 18, 24, 30, மிச்சத்துக்கு 36. மாதம் 2 லட்சம் சம்பாதிக்கிறவருக்கு வருடம் 24 லட்சம், நிவாரணம் போக 6 லட்சம், வரி 36,000. சம்பளக்காரர் என்றால் முதலாளியே மாதாமாதம் கழித்துவிடுவார். வீட்டிலிருந்து வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்து, வெளிநாட்டுக் காசை வங்கி வழியாக இங்கே கொண்டு வருகிறவர்களுக்கு அந்த வருமானத்தில் உச்ச வீதம் 15 சதவீதம். 2025 ஏப்ரலுக்கு முன் அதற்கு வரியே இல்லை. அந்தப் பழைய பேச்சு இன்னும் ஊரில் சுற்றுகிறது, நம்பாதீர்கள்.

சுயமாக உழைக்கிறவர்கள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நான்கு தவணையில் கட்டுகிறார்கள். மிச்சத்தைச் செப்டெம்பர் 30க்குள் தீர்க்க வேண்டும். வருமான அறிக்கை நவம்பர் 30க்குள். 2025/26க்கு என்றால் அது 2026 நவம்பர் 30. அறிக்கையோடு மார்ச் 31 அன்று உள்ள சொத்து, கடன் விபரமும் கேட்பார்கள். வெளிநாட்டுச் சேமிப்பை முதல் அறிக்கையிலேயே காட்டிவிடுங்கள், அங்கிருந்து எடுத்து வந்த சம்பள, வங்கிக் காகிதங்கள் இதற்குத்தான் உதவும். முதல் வருடம் மறைத்துவிட்டு மூன்றாம் வருடம் வீடு கட்டும்போது காட்டினால், அது புதிதாக முளைத்த காசு போலத் தெரியும்.

வீசா புதுப்பிக்கும் திகதியையும் இதே கலண்டரில் எழுதி வையுங்கள். முதல் வீசா பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான். முடிவதற்கு ஒரு மாதம் முன்பே தோட்டக் கடிதத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஜீ.எஸ். சான்றிதழும் மேலொப்பமும் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் வேண்டும். துரை மாறியிருந்தால் தோட்டக் கடிதத்தையும் புதுத் துரையின் கையொப்பத்தோடு எடுங்கள். பழைய கடிதத்தின் கொப்பி ஒன்றைக் கையில் கொண்டு போனால் கிளார்க்கருக்கு அதைப் பார்த்து எழுதுவது லேசு.